குடமும் கம்பியும்

1955ஆம் ஆண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரம். அதன் வடபகுதியில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த இஸ்ட்ரூமா உயர்நிலைப் பள்ளி. முந்தைய ஆண்டு அந்தப் பள்ளியின் ஃபுட்பால் அணி உள்ளூர் எதிரணியிடம் தோற்றிருந்தது. அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அந்த ஊரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திவந்த ஆல்வின் ராய் அதே பள்ளியின் பழைய மாணவர். பையன்களுக்குப் பார்பெல் பயிற்சி கொடுங்கள் என்று அவர் பள்ளியிடம் கேட்டார்.

பயிற்சியாளர்களுக்குத் தயக்கம் இருந்தது. பளு தூக்கினால் தசை இறுகிப்போகும், கைகால் மடங்காது, ஓட்டம் குறையும் என்பது அன்று விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியிருந்த நம்பிக்கை. தோல்வி அந்தத் தயக்கத்தைத் தளர்த்தியது. பையன்கள் ராயின் மேற்பார்வையில் இரும்பைத் தூக்கத் தொடங்கினார்கள். 1955 பருவத்தில் இஸ்ட்ரூமா அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. மாநிலக் கோப்பையையும் வென்றது. அந்த அணியின் பில்லி கேனன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1958இல் அந்தப் பல்கலைக்கழகம் தேசிய அளவில் முதலிடம் பிடித்தது. 1959இல் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பை கேனனுக்குக் கிடைத்தது. ராய் 1963இல் சான் டியேகோ சார்ஜர்ஸ் என்னும் தொழில்முறை அணிக்கு வலிமைப் பயிற்சியாளர் ஆனார்.

பள்ளிக்கூடத்துக்குள் பார்பெல் நுழைந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பல வருடங்களாகப் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியையான நானும் இதை ஆர்வமாகத்தான் படித்தேன். ஒரு சாதாரணப் பள்ளி, சில தட்டுகள், ஒரு கம்பி, நம்பிக்கையுள்ள ஒரு மனிதர். இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு எழுந்த கேள்வி வேறு. இஸ்ட்ரூமா அன்று வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. பளு தூக்கியதோ ஃபுட்பால் அணிப் பையன்கள் மட்டும். இந்த வரலாற்றின் கதவுக்கு வெளியே நின்றவர்கள் யார், எத்தனை ஆண்டுகள் நின்றார்கள்?

இரண்டு பயங்கள்

ஆண்களின் உடலைப் பற்றி ஒரு பயம் இருந்தது என்று சொன்னேன். அதற்கு என்ன ஆனது என்று பாருங்கள். ஸ்ப்ரிங்ஃபீல்டு கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்த பீட்டர் கார்ப்போவிச்சும் அந்தப் பயத்தை நம்பியவர்தான். பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார். அவரும் வில்லியம் ஸோர்பாஸும் சேர்ந்து பளு தூக்கும் ஆண்கள் 300 பேர், தூக்காத ஆண்கள் 300 பேரின் கை சுழலும் வேகத்தை அளந்தார்கள். 1951இல் முடிவு வெளியானது. பளு தூக்குகிறவர்களின் கைதான் வேகமாகச் சுழன்றது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தாமஸ் டிலோர்ம் என்னும் ராணுவ மருத்துவர் காயம்பட்ட வீரர்களின் கால்களைச் சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கவைத்தே தேற்றியிருந்தார். ஆணின் உடலைப் பற்றிய பயம் அளக்கப்பட்டது, பொய்யென்று தெரிந்தது, கைவிடப்பட்டது.

பெண்ணின் உடலைப் பற்றிய பயத்தை இப்படி அளக்க யாரும் அவசரப்படவில்லை. கர்ப்பப்பை இறங்கிவிடும், மலட்டுத்தன்மை வந்துவிடும், ஆண்பிள்ளைபோல ஆகிவிடுவாள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொன்னவர்கள் ஆண்கள் மட்டுமல்ல. 1923இல் அமெரிக்காவில் லூ ஹென்றி ஹூவர் தலைமையில் கூடிய பெண் உடற்கல்வியாளர்கள், பெண் பிள்ளைகளைக் கடும் போட்டிகளில் இறக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. ஆண்கள் விளையாட்டில் பணமும் சுரண்டலும் புகுந்திருந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஒருசில நட்சத்திரங்கள் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை வேண்டாம், எல்லாப் பெண்களும் விளையாடட்டும் என்றார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலை பெரிது. பள்ளிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டிகள் பல இடங்களில் சுருங்கின. போட்டி இல்லாத இடத்தில் பயிற்சி எதற்கு? பயிற்சியே இல்லாதபோது பளு எதற்கு? பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று பெண்களே கட்டிய சுவரை இடிக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்தச் சுவருக்கு வெளியே சிலர் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரையில் பயிற்சி செய்த அபி ஸ்டாக்டன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1944 முதல் பளுதூக்குபவர்களுக்கான ஒரு பத்திரிகையில் பெண்களுக்கென்று பத்தி எழுதினார். 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில் அதிகாரபூர்வமான பெண்கள் பளுதூக்கும் போட்டியும் அவர் முயற்சியால் நடந்தது. இஸ்ட்ரூமா பையன்கள் கம்பியைத் தொடுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு. இருந்தும் அது பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை. பெண் தூக்குவது கடற்கரைக் காட்சியாக ஏற்கப்பட்டது. பாடவேளையாக ஏற்கப்படவில்லை.

சாவி யார் கையில்

1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லி என்ற இளைஞரை வலிமைப் பயிற்சியாளராகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அவர் அங்கேயே கோலூன்றித் தாண்டிய மாணவர். ஃபுட்பால் அணிக்காகத்தான் அந்த ஏற்பாடு. நெப்ராஸ்கா வென்றதும் மற்றப் பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றின. பிறகு பள்ளிகளும் பின்பற்றின. இப்படித்தான் அமெரிக்கப் பள்ளிகளில் பளு அறை என்ற ஒன்று உருவானது. ஃபுட்பாலுக்காகக் கட்டியது, ஃபுட்பால் பயிற்சியாளர் சாவி வைத்திருப்பது, சுவரில் ஃபுட்பால் வீரர்களின் பெயர்கள்.

1972 ஜூன் 23 அன்று டைட்டில் ஒன்பது என்னும் சட்டப்பிரிவு வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றது. 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. ஆண்கள் 36 லட்சத்துக்கும் மேல். 1977-78இல் பெண்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. சட்டம் வந்தவுடன் பெண்களுக்குத் திடீரென்று விளையாட்டு ஆசை வந்துவிடவில்லை. ஆசை ஏற்கெனவே இருந்தது. கதவுதான் திறந்தது.

அதன் பிறகுதான் அளவுகோல் பெண்கள் பக்கம் திரும்பியது. ஜாக் வில்மோர் 1974இல் வெளியிட்ட ஆய்வில் பெண்களும் ஆண்களும் பத்து வாரம் ஒரே மாதிரியான பளுப் பயிற்சி செய்தார்கள். தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் பெண்களின் வலிமை ஆண்களுக்குச் சளைக்காமல் கூடியிருந்தது. தசைப் பருமனோ சிறிதளவுதான் மாறியிருந்தது. ஆண்பிள்ளைபோல ஆகிவிடுவாள் என்ற பயத்துக்கு, ஆண்களின் பயத்தைவிட இருபத்து மூன்று ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த பதில் இது.

அதே காலத்தில் ஜேன் டாட் வருகிறார். டெக்ஸஸில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் இன்னொரு பெண் தரையிலிருந்து பெரும் எடையைத் தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்கிப் பார்த்தவர். டெட்லிஃப்ட் என்னும் அந்த முறையில், 1926இல் பாரிஸில் ஒரு பெண் தூக்கியதாகக் கின்னஸ் நூலில் பதிவாகியிருந்த எடை 392 பவுண்டு, சுமார் 178 கிலோ. 1975இல் ஜேன் 394.5 பவுண்டு தூக்கி அதைக் கடந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த எண் அசையாமல் கிடந்திருக்கிறது. பெண்களின் வலிமை அங்கே முடிந்துபோனது என்று அதற்குப் பொருள் இல்லை. முயல்வதற்கான இடம்தான் இருக்கவில்லை. ஜேன் அந்த ஆண்டுகளில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பள்ளி ஆசிரியை. பின்னர் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, வலிமைப் பண்பாட்டின் வரலாற்றையே தம் துறையாக்கிக்கொண்டார். ஆல்வின் ராயின் கதையை ஆராய்ந்து எழுதியவர் அவருடைய கணவர் டெர்ரி டாட். அதே வீட்டில் இருந்த ஜேன், வரலாறு விட்டுவிட்ட பெண்களைத் தேடி எடுத்தார்.

நமக்கு வந்த வழி

ஒலிம்பிக்கில் ஆண்கள் பளுதூக்குதல் 1896 ஏதென்ஸிலேயே இருந்தது. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1987இல் அமெரிக்காவின் டேடோனா பீச்சில் நடந்தது. 1989இல் மான்செஸ்டரில் மணிப்பூரின் குஞ்சராணி தேவி வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். பெண்களுக்கு ஒலிம்பிக்கின் கதவு 2000 சிட்னியில்தான் திறந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே, ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் பளுதூக்குபவர் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 2021இல் டோக்கியோவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, சிறுமியாக இருந்தபோது அண்ணனால் தூக்கமுடியாத விறகுக் கட்டைத் தான் சுமந்து வந்ததைச் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் பெண்கள் தூக்காத நாளே இல்லை. எதற்காக, யாருக்காகத் தூக்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் பள்ளிக்கு ஒரு பார்பெல் வாங்கியபோது இது எனக்கு இன்னும் தெளிவானது. கபடி அணியில் 12 பெண்கள். ஊரில் மூடிய ஒரு ஜிம்மிலிருந்து பழைய கம்பியும் தட்டுகளும், முன்னாள் மாணவிகள் சேர்த்துக் கொடுத்த பணத்தில், வந்தன. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்தார்.

“ஏன் டீச்சர், வயசுக்கு வந்த புள்ளைங்கள இந்தக் கனம் தூக்கவச்சா கர்ப்பப்பை எறங்கிடாதா?”

“உங்க வீட்டுல தண்ணி யாரும்மா எடுக்குறாங்க?” என்று கேட்டேன்.

“அவதான். காலையில ஆறு கொடம்.”

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பதினைந்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். பதினைந்து கிலோ. பெண்களுக்கான பார்பெல் கம்பி, தட்டு எதுவும் மாட்டாமல், சரியாகப் பதினைந்து கிலோதான். குடத்தை ஒரே இடுப்பில் வைத்து, உடம்பைச் சாய்த்து, வழுக்கும் தெருவில் நடக்கவேண்டும். கம்பியை இரண்டு கையாலும் சமமாகப் பிடித்து நேராக நிற்கலாம். அந்த அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு சாரம் ஏறுகிறவர். நான் சொன்னதும் கூட்டத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அது வேலை டீச்சர். இது வேற இல்ல?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்ப்பப்பை இறக்கம் கற்பனை நோய் அல்ல. நேபாளத்தின் மலைக் கிராமங்களில் பிரசவமான சில நாட்களிலேயே சுமை தூக்கவேண்டிய கட்டாயத்தில் இருந்த பெண்கள் அதனால் வருந்தியிருக்கிறார்கள். அடுத்தடுத்த பிரசவம், ஓய்வின்மை, சத்துக்குறைவு, ஓயாத சுமை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்த அம்மாவின் பயம் அவர் பார்த்த வாழ்க்கையிலிருந்து வந்தது. ஆனால் பெண்ணுடலைக் காக்க நினைக்கும் சமூகம் முதலில் கைவைக்க வேண்டியது பிரசவித்தவளின் தலைச்சுமையில். அதை யாரும் தடுப்பதில்லை. தனக்காக, அளவோடு, ஓய்வோடு, எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கும்போது மட்டும் நம் எல்லோருக்கும் கர்ப்பப்பை ஞாபகம் வருகிறது.

வளர்த்தி நின்றுவிடும் என்ற பயத்தையும் கேட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, சரியான மேற்பார்வையில் செய்யும் வலிமைப் பயிற்சி உயரத்தைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்கிறது. முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை நானே சொன்னேன். குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் முழங்கால் தசைநார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்கூட்டியே குதிப்புப் பயிற்சியும் பளுப் பயிற்சியும் பெற்ற பள்ளிப் பெண்களுக்கு, பெறாத பெண்களைவிடக் கடுமையான முழங்கால் காயம் மிகக் குறைவாக ஏற்பட்டது. தூக்கினால் ஆபத்து என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, தூக்காததால் வரும் ஆபத்து கணக்கில் வராமலே போகிறது.

பயிற்சி முறை எளிமையானது. முதல் இரண்டு வாரம் மூங்கில் கம்பு மட்டும். ஸ்குவாட் சொல்லித்தந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். “இது தோப்புக்கரணம் மிஸ்!” தண்டனையாக மட்டுமே தெரிந்த ஒன்று, முதுகை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, பாதம் முழுவதையும் ஊன்றிச் செய்யும்போது பயிற்சியாக மாறியது. டெட்லிஃப்ட்டுக்குக் குடத்தை உதாரணம் காட்டினேன். உடம்பை ஒட்டி எடு, முதுகை வளைக்காதே, காலால் தரையைத் தள்ளு. வாரம் இரண்டு நாள், மூன்று பயிற்சி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக மூன்று சுற்று. மூன்று சுற்றும் சுத்தமாக முடிந்தால் மட்டும் அடுத்த முறை இரண்டரை கிலோ கூடும். முதுகு வளைந்தால் கூடாது. மாதவிடாய் நாட்களில் செய்வதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்யலாம். யாரும் காரணம் சொல்லவேண்டியதில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பயிற்சி நாளில் அவித்த முட்டையும் சுண்டலும் தனியாக ஏற்பாடு செய்தோம். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப்போடாமல் விழுங்கவைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. இரும்பைத் தூக்க இரத்தத்திலும் இரும்பு வேண்டும். வேறு எந்தப் பொடிக்கும் மாத்திரைக்கும் எங்களிடம் இடமில்லை. 1963இல் சான் டியேகோ அணியின் பயிற்சி முகாமில் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுக்கப்பட்டது என்பது இதே வரலாற்றின் இன்னொரு பக்கம்.

ஓர் ஆண்டில் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் உடல் எடையைவிட அதிகமாகத் தரையிலிருந்து தூக்கினார்கள். இஸ்ட்ரூமாபோலக் கோப்பை எதுவும் வரவில்லை. குறுவட்டப் போட்டியில் வென்று, வருவாய் மாவட்ட அளவில் இரண்டாவது சுற்றில் தோற்றோம். அணியிலேயே நன்றாகத் தூக்கிய பெண்ணை அவள் அப்பா நடுவில் நிறுத்திவிட்டார். தோள் அகலமாகிவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது அவர் கவலை. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசியும் பயனில்லை. பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தச் சித்தாள் அம்மாவின் மகள் இன்னும் வருகிறாள். இப்போது அவள் குடத்தை இடுப்பில் வைப்பதில்லையாம். இரண்டு சின்னக் குடங்களை இரண்டு கையில் எடுத்துவருகிறாளாம். அம்மாவுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

எந்தக் கேள்வியைக் கேட்பது

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது பழைய வழக்கு. கல் ஆணின் தகுதியை அளந்தது. பெண் அவன் பெறும் பரிசாக நின்றாள். இன்று நெல்லை மாவட்டத்தின் வடலிவிளையில் பொங்கல் விளையாட்டில் பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். அவர்கள் எந்த மாப்பிள்ளையையும் வெல்வதற்காகத் தூக்கவில்லை.

பெண்களால் தூக்கமுடியுமா என்ற கேள்விக்கு வரலாறு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1947இலும் சொன்னது, 1975இலும் சொன்னது, 2000இலும் சொன்னது. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, கதவைத் திறக்காமல் காலம் கடத்தும் ஒரு வழி. இஸ்ட்ரூமாவின் கதை எனக்குக் கற்றுத்தருவது வேறு. பயிற்சியைத் தொடங்கப் பெரிய பணம் வேண்டியதில்லை. கம்பி ஒன்று, தட்டுகள் சில, முறையாகச் சொல்லித்தரும் ஒருவர், தொடர்ந்து வரும் பத்துப் பேர் போதும். பையன்களுக்கு அது ஒரு தோல்விக்குப் பிறகு கிடைத்துவிட்டது. பெண்களுக்கு ஒரு சட்டமும் ஐம்பது ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

இதைப் படிக்கும் மாணவி நீங்கள் என்றால், உங்கள் கல்லூரியில் ஜிம் எங்கே இருக்கிறது, எந்த நேரம் பெண்களுக்கானது, சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே பதினைந்து கிலோக் கம்பி ஒன்றாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், நாலு பேர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தரும்போதுதான் அந்தக் காரணங்கள் எவ்வளவு பழையவை என்று தருகிறவர்களுக்கே தெரியவரும்.